தோற்பதற்கு இடம் வைத்த கூற்றுகள்

1859 டிசம்பர் கடைசியில், பிரான்ஸில் ஓர்ஜெர் என்ற சிற்றூரில் இருந்த ஒரு மருத்துவரின் வீட்டுக் கதவை முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒருவர் வந்து தட்டினார். வந்தவர் உர்பேன் லெவெரியே. பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநர், அன்றைய ஐரோப்பா முழுவதும் பெயர் தெரிந்த வானியலாளர். தாம் யாரென்று அவர் முதலில் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் லெஸ்கார்போ, நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரத்தில் சொந்தத் தொலைநோக்கியால் வானத்தைப் பார்ப்பவர். அந்த ஆண்டு மார்ச் 26 அன்று சூரியனின் முகத்துக்குக் குறுக்கே ஒரு சின்னக் கரும்புள்ளி ஊர்ந்து போனதைப் பார்த்ததாகக் கடிதம் எழுதியிருந்தார். லெவெரியே அதை விசாரிக்கத்தான் வந்திருந்தார்.

விசாரணை கடுமையாகவே நடந்தது. நேரத்தை எதை வைத்து அளந்தீர்கள்? மருத்துவர் தன் பழைய பைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்; அதில் நொடிமுள்ளே இல்லை. அப்படியானால் நொடிகளை எப்படி எண்ணினீர்கள்? பட்டுநூலில் கட்டிய தந்த உருண்டை ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். கணக்குப் போட்ட காகிதம் எங்கே? அவர் காகிதத்தில் எழுதுவதில்லை. மரப்பலகையில் எழுதி, இடம் தீர்ந்ததும் இழைத்துவிடுவார். அக்காலத்தில் அச்சில் வந்த விவரிப்பு இவ்வளவு நுணுக்கமாக இந்தச் சந்திப்பைச் சொல்கிறது. லெவெரியே திருப்தியோடு பாரிஸ் திரும்பினார். புதனுக்கும் சூரியனுக்கும் நடுவில் கண்ணுக்குப் படாத கோள் ஒன்று இருக்கலாம் என்று சில மாதங்களுக்கு முன் அவர் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அது கிடைத்துவிட்டதாக நம்பினார். மருத்துவருக்கு அரசின் உயர்ந்த விருது வந்தது. கோளுக்கு வல்கன் என்று பெயர் வந்தது. அது சூரியனை ஒருமுறை சுற்ற 19 நாள் 17 மணி நேரம் ஆகும் என்று கணக்கும் வந்தது.

அப்படி ஒரு கோள் இல்லை.

ஒரு கூற்று அறிவியல் சோதனைக்கு உட்பட்டது என்றால் என்ன பொருள் என்ற கேள்விதான் இந்த உரைக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு வல்கனிடமிருந்து தொடங்குவது நல்லது. தவறான கூற்று வேறு, சோதிக்க முடியாத கூற்று வேறு. பேச்சுவாக்கில் இரண்டையும் அறிவியலுக்குப் புறம்பானவை என்று ஒன்றாகத் தள்ளிவிடுகிறோம். வல்கன் தவறு என்பது உண்மை. ஆனால் அது தவறாக இருந்தால் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய எல்லாமே அதோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தது: எவ்வளவு தூரம், எத்தனை நாளுக்கு ஒரு சுற்று, சூரியனின் குறுக்கே எப்போது வரக்கூடும். அதனால்தான் அதை முடித்துவைக்க முடிந்தது.

லெவெரியே ஏன் அவ்வளவு எளிதில் நம்பினார் என்று புரிய, பதின்மூன்று ஆண்டு பின்னால் போகவேண்டும். 1781 இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், 1821 இல் அலெக்சி புவார் போட்டுக்கொடுத்த அட்டவணைப்படி நடக்கவில்லை. ஆண்டு செல்லச் செல்ல வழி விலகிக்கொண்டே போனது. அவ்வளவு தொலைவில் நியூட்டனின் ஈர்ப்பு விதி செல்லாதோ என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். விதியில் குறையில்லை, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அது எங்கே இருக்கவேண்டும் என்று லெவெரியே கணக்குப் போட்டார். 1846 செப்டம்பர் 18 அன்று பெர்லின் வானாய்வகத்தில் இருந்த யோஹான் காலேக்குக் கடிதம் எழுதினார். கடிதம் 23 ஆம் தேதி கைக்குக் கிடைத்தது. அன்றிரவே காலே தொலைநோக்கியில் கண் வைத்து ஒவ்வொரு விண்மீனாக இடம் சொல்ல, மாணவர் தாரெஸ்ட் புதிதாக அச்சாகியிருந்த விண்மீன் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு விண்மீன் வரைபடத்தில் இல்லை. மறுநாள் இரவு அது நகர்ந்திருந்தது. லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது.

இதே கோளை இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்ற கணித அறிஞரும் கணக்கிட்டிருந்தார். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாலிஸ் அதைத் தேடி, அந்த ஆகஸ்டு மாதத்திலேயே இரண்டு முறை அதைப் பார்த்துக் குறித்தும் வைத்திருந்தார். ஆனால் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்காததால் அது கோள் என்று தெரியாமல் போய்விட்டது. பார்ப்பது மட்டும் சோதனை ஆகிவிடாது. எதோடு ஒப்பிடப்போகிறோம் என்பது முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும். பெர்லினில் அந்த வரைபடம் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். லெவெரியே எடுத்துக்கொண்ட தூரம் தவறு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய 36 மடங்கு என்றார். நெப்டியூன் இருப்பது 30 மடங்கில். அந்தச் சில பத்தாண்டுகளில் திசை மட்டும் சரியாகப் பொருந்தி வந்தது. இதைத் தற்செயல் என்று அமெரிக்கக் கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸ் அப்போதே வாதிட்டார். அது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு. ஆனாலும் ஒரு கணிப்பு பலித்துவிட்டது என்பதாலேயே அதன் உள்விவரம் எல்லாம் உறுதியாகிவிடுவதில்லை என்பதற்கு நெப்டியூனே சாட்சி.

அடுத்து புதன். அதன் நீள்வட்டப் பாதையில் சூரியனுக்கு மிக அருகே வரும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் சேர்த்தபிறகும் நூறு ஆண்டுக்கு 38 விகலை மிச்சம் நிற்பதாக 1859 இல் லெவெரியே அறிவித்தார். 1882 இல் சைமன் நியூகம் அதை 43 என்று திருத்தினார். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. இந்த மிச்சம் ஒரு பாகையாகச் சேர 8,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கவனித்தார்கள், கவனித்ததோடு அதை விட்டுக்கொடுக்கவும் மறுத்தார்கள் என்பதில்தான் வானியலின் நேர்மை இருக்கிறது. லெவெரியே யுரேனஸுக்குச் செய்ததையே புதனுக்கும் செய்தார்: காணாத கோள் ஒன்றை, அல்லது சிறு கோள்களின் கூட்டம் ஒன்றை, உள்ளே வைத்தார்.

சோதனைகள் ஒவ்வொன்றாக வந்தன. லெஸ்கார்போ புள்ளியைப் பார்த்ததாகச் சொன்ன அதே நேரத்தில் பிரேசிலில் இருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த எமானுவேல் லியே, இன்னும் வலுவான தொலைநோக்கியில் தான் எதையும் காணவில்லை என்றார். 1877 மார்ச் 22 அன்று வல்கன் சூரியனைக் கடக்கலாம் என்று லெவெரியே கணித்திருந்தார். பல நாடுகளில் பார்த்தார்கள், எதுவும் கடக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, நெப்டியூன் கிடைத்து 31 ஆண்டு நிறைந்த நாளில், அவர் இறந்தார். 1878 ஜூலை 29 கிரகணத்தின்போது வயோமிங்கில் ஜேம்ஸ் வாட்சன் சூரியனுக்கு அருகில் புதிய பொருள்களைக் கண்டதாக அறிவித்தார். அவை கடக ராசியில் ஏற்கெனவே தெரிந்த விண்மீன்கள்தான் என்று சக வானியலாளர் பீட்டர்ஸ் காட்டினார். கடைசியில் லிக் வானாய்வகத்தார் 1901 இல் சுமத்ராவிலும், 1905 இல் ஸ்பெயினிலும், 1908 இல் பசிபிக் கடலின் ஃபிளின்ட் தீவிலும் கிரகண நேரத்தில் படத்தட்டுகளில் பதிந்து பார்த்தார்கள். புதனின் கணக்கைச் சரிசெய்யும் அளவுக்கு எதுவும் அங்கே இல்லை.

ஒரே மனிதர், ஒரே முறை, ஒரே வகையான ஒட்டு. ஒன்று நெப்டியூனாக முடிந்தது, மற்றது வல்கனாக முடிந்தது. கணக்கு உதைத்ததும் கோட்பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவதுதான் அறிவியல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் நெப்டியூனைக் கண்டிருக்க மாட்டோம், யுரேனஸுக்காக நியூட்டனைக் கைவிட்டிருப்போம். கோட்பாட்டைக் காப்பாற்றப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில் தப்பில்லை. சேர்த்த ஒன்றைத் தனியே எடுத்துப் பரிசோதிக்க முடிகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. கோளை வைத்தால் வானத்தில் தேடலாம்.

புதனுக்கு வேறு ஒட்டுகளும் போடப்பட்டன. தூரத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறைகிறது என்கிற விதியில் அந்த 2 ஐ 2.00000016 என்று மாற்றினால் போதும் என்றார் ஆசஃப் ஹால், 1894 இல். புதனுக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் விதியை மாற்றினால் அது நிலவுக்கும் மாறவேண்டும். நிலவின் இயக்கத்தை எர்னஸ்ட் பிரவுன் நுட்பமாகக் கணக்கிட்டபோது அந்த மாற்றத்துக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்தது. 1906 இல் ஹுகோ ஃபான் ஸீலிகர், சூரியனைச் சுற்றியுள்ள தூசுப்படலமே காரணம் என்றார். தூசின் அடர்த்தியையும் பரவலையும் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்பதால் இதைப் பிடிப்பது கடினமாக இருந்தது. மூன்று விடைகளும் புதனுக்குப் பொருந்தின; ஆனால் பிடிகொடுப்பதில் மூன்றும் ஒன்றல்ல.

1915 நவம்பர் 18 அன்று பெர்லினில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டிலிருந்து புதனின் மிச்சத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். 43 விகலை. கூட்டிக் குறைக்க அதில் எந்தத் திருகும் இல்லை. கூடவே, சூரியனின் விளிம்பை உரசி வரும் விண்மீன் ஒளி ஏறக்குறைய 1.75 விகலை வளையும் என்ற கணிப்பும் வந்தது. இதில் ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய, முழுமை பெறாத கணக்கில் அவர் சொன்ன வளைவு இதில் பாதிதான். அதைச் சோதிக்க 1914 ஆகஸ்டு கிரகணத்துக்காக கிரிமியாவுக்குப் போன எர்வின் ஃபிராய்ண்ட்லிஹ், உலகப் போர் தொடங்கிவிட்டதால் ரஷ்யாவில் பிடித்துவைக்கப்பட்டார். அன்று அளவெடுத்திருந்தால் ஐன்ஸ்டைனின் எண் தோற்றிருக்கும். தோற்கக்கூடிய எண்ணை உலகத்தின் முன் வைத்துவிட்டு வானம் தெளியக் காத்திருந்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

1919 மே 29 கிரகணம். ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பிரின்சிபி தீவில் எடிங்டனும் காட்டிங்காமும், பிரேசிலின் சோப்ராலில் குரோம்லினும் டேவிட்சனும் படம் எடுத்தார்கள். பிரின்சிபி தந்த எண் 1.61. சோப்ராலில் சிறிய தொலைநோக்கி தந்தது 1.98. அங்கேயே பெரிய தொலைநோக்கி தந்தது 0.93, அது பழைய பாதி எண்ணுக்கு அருகில் வருகிறது. வெயிலில் கண்ணாடி சூடாகிக் குவியம் கலைந்து, விண்மீன்கள் மங்கிப் பதிந்திருந்தன என்ற காரணத்தால் அந்தக் கடைசி எண் ஒதுக்கப்பட்டது. எடிங்டன் ஐன்ஸ்டைனுக்குச் சாதகமாகத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு பின்னாளில் எழுந்தது. கேட்கவேண்டிய கேள்விதான் அது. எந்த அளவீட்டை ஏன் ஒதுக்குகிறோம் என்ற முடிவு, விடை தெரிந்தபிறகு எடுக்கப்பட்டால் சோதனையின் வலு குறைகிறது. நல்லவேளையாகப் படத்தட்டுகள் பத்திரமாக இருந்தன. 1979 இல் கிரீனிச் வானாய்வகத்தில் புதிய கருவியால் அவற்றை மறுபடியும் அளந்தார்கள். ஒதுக்கப்பட்ட தட்டுகளே இப்போது 1.55 என்று சொல்லின. மூலப்பொருளைப் பாதுகாத்து வைத்திருந்ததால் அறுபது ஆண்டு கழித்தும் அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க முடிந்தது.

இந்த வரலாற்றில் கொடைக்கானலுக்கும் பங்குண்டு. சூரியனில் இருந்து வரும் ஒளியின் அலைநீளம் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு நீண்டு, நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் என்பது ஐன்ஸ்டைனின் மற்றொரு கணிப்பு. கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் அந்த நகர்வை அளந்துகொண்டிருந்தார். 1909 இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கிருந்தே கண்டுபிடித்தவர் அவர். சிக்கல் என்னவென்றால், வாயு நம்மை விட்டு விலகி ஓடினாலும் கோடு சிவப்புப் பக்கம்தான் நகரும். எது ஈர்ப்பு, எது ஓட்டம் என்று எப்படிப் பிரிப்பது? ஓட்டம்தான் என்றால், சூரியனின் எந்தப் பக்கம் நம் பக்கம் திரும்பினாலும் வாயு பூமியிடமிருந்தே விலகி ஓடவேண்டியிருக்கும். இது விசித்திரம்தான்; ஆனாலும் விசித்திரம் என்பதற்காக எவர்ஷெட் தள்ளிவிடவில்லை. வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை எடுத்து ஆராய்ந்தார். வெள்ளி நமக்கு வேறு கோணத்தில் இருக்கும்போது, அது பார்க்கும் சூரிய முகமும் வேறு. நாம் இருக்கும் இடத்தை விட்டு நகராமலே சூரியனை இன்னொரு பக்கத்தில் இருந்து பார்க்கும் வழி அது. இது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் இடம்பெறவேண்டிய கதை.

எவர்ஷெட் 1922 செப்டம்பர் கிரகணத்துக்காக ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்கும் போனார். கருவிக் கோளாறால் அவருக்கு முடிவு கிடைக்கவில்லை. அதே கடற்கரையில் லிக் வானாய்வகத்தின் கேம்பெல், டிரம்ப்ளர் குழு 1.72 என்று அளந்தது. நிறமாலைக் கோடுகளின் வழக்கு இன்னும் நீண்டது. அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் 1917 இல் அந்த நகர்வு இல்லை என்றார், 1920களில் இருக்கிறது என்றார். கடைசியில் 1960 இல் பவுண்டும் ரெப்காவும் ஹார்வர்டில் 22.5 மீட்டர் உயரத்துக் கோபுரம் ஒன்றுக்குள்ளேயே ஈர்ப்பு விளைவை அளந்து காட்டினார்கள்.

பின்னாளில் மெய்யியலாளரான கார்ல் பாப்பரை, 1919 இல் வியன்னாவில் பதின்ம வயதில் இருந்தபோது உலுக்கியது அந்தக் கிரகணச் செய்திதான். உளவியலறிஞர் ஆட்லருடன் அவருக்குப் பழக்கம் இருந்தது. ஒருமுறை ஒரு குழந்தையைப் பற்றி பாப்பர் அவரிடம் சொன்னார். ஆட்லர் அந்தக் குழந்தையைப் பார்க்காமலே தன் கோட்பாட்டின்படி விளக்கம் தந்துவிட்டார். எந்தக் குழந்தை எப்படி நடந்துகொண்டாலும் அந்தக் கோட்பாட்டில் விளக்கம் இருந்தது. எல்லாவற்றுக்கும் பொருந்துவதுதான் அதன் பலம் என்று ஆதரவாளர்கள் கருதினார்கள். அதுவே அதன் பலவீனம் என்று பாப்பருக்குப் பட்டது. எது நடந்தால் கோட்பாடு தவறு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்ற கேள்வியை அவர் 1934 இல் வெளிவந்த நூலில் மையமாக்கினார். அதற்கு முன்பே 1906 இல் பியர் துயெம் எச்சரித்திருந்தார்: எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதிக்கப்படுவதில்லை, கருவி, துணைக் கணக்கு, பிற அனுமானங்கள் எல்லாம் சேர்ந்தே சோதனைக்கு வருகின்றன, தோற்றால் யார் குற்றவாளி என்று சோதனை சொல்லாது. நெப்டியூன், வல்கன், சோப்ராலின் சூடான கண்ணாடி எல்லாமே துயெமின் பக்கம் பேசுகின்றன. பாப்பரின் கேள்வி சரியான கேள்வி. அதற்கு ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும் என்று நம்பியதுதான் அவர் வழி வந்த பலரின் பிழை.

வானத்தை விட்டு நம் வீட்டுக்கு அருகில் வருவோம். ஜாதகம் சோதனைக்கு உட்பட்டதா? பொதுவாகச் சொன்னால் இல்லை. குறிப்பாகச் சொன்னால் உண்டு. ஜாதகத்தைப் பார்த்தே ஒருவரின் அறிவுத்திறனைச் சொல்லமுடியும் என்று ஜோதிடர்கள் கூறுவதை எடுத்துக்கொண்டு, 2008 இல் புனேயில் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர் ஒரு சோதனை வடிவமைத்தார். புள்ளியியலாளர் சுதாகர் குண்டே, மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர், ஜோதிடம் கற்றறிந்த பிரகாஷ் கட்பாண்டே ஆகியோர் உடனிருந்தனர். படிப்பில் சிறந்த 100 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள். இருநூறு பேரின் ஜாதகங்கள் கலக்கப்பட்டு, ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 தரப்பட்டன. எது எந்தப் பிரிவு என்று சொன்னால் போதும். நாணயம் சுண்டினாலே ஏறக்குறைய 20 சரியாக வரும் என்பதால், 28 எடுத்தால்தான் பொருட்படுத்தத்தக்க வெற்றி என்று கொள்ளப்பட்டது. 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சராசரி 46 சதவீதம். அதிகபட்சம் 24. இருநூறு ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102 சரியாகச் சொன்னது.

இந்தச் சோதனையில் கவனிக்கவேண்டியது முடிவைவிட, அதற்கு முன் செய்த ஏற்பாடுதான். யார் எந்தக் குழந்தை என்பது விடை சொல்பவருக்குத் தெரியாது. எத்தனை எடுத்தால் வெற்றி என்பது விடைத்தாள் வருமுன் முடிவாகிவிட்டது. விளக்கத்துக்கு இடமில்லை, இந்தப் பிரிவா, அந்தப் பிரிவா என்பது மட்டுமே. சனியின் பார்வை கொஞ்சம் குறைத்தது, பரிகாரம் செய்திருந்தால் மாறியிருக்கும் என்று பின்னால் சேர்க்கும் வழி அடைக்கப்பட்டிருந்தது. இதனால் ஜோதிடம் முழுவதும் பொய்த்துவிட்டது என்று சொல்வது சரியாகாது. நார்லிகர் சோதித்தது ஒரு கூற்றைத்தான். அந்தக் கூற்று நேர்மையாகச் சோதிக்கப்பட்டு, நேர்மையாகத் தோற்றது.

இன்று சோதிக்க முடியாத கூற்று நாளையும் அப்படியே இருக்கவேண்டும் என்பதில்லை. 1930 டிசம்பரில் உல்ஃப்கேங் பவுலி, அணுக்கருச் சிதைவில் காணாமல்போகும் ஆற்றலுக்குக் கணக்குச் சொல்ல, மின்சுமையில்லாத, எதிலும் எளிதில் மோதாத துகள் ஒன்றை முன்மொழிந்தார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத துகளைக் கற்பித்துவிட்டோமே என்று அவருக்கே கவலை. கால் நூற்றாண்டு கழித்து, 1956 இல், ரைன்ஸும் கோவனும் சவானா ஆற்றங்கரை அணு உலையின் பக்கத்தில், நியூட்ரினோ என்று பெயர் பெற்ற அந்தத் துகளைப் பிடித்துவிட்டார்கள். 1965 இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வகங்களில் ஒன்று கோலார் தங்கவயலில் இருந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, தரைக்குக் கீழ் 2 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில் கருவிகளை வைத்திருந்தன. அந்தச் சுரங்கங்களை வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார். தங்கத்துக்காக அவர்கள் தோண்டிய ஆழம்தான், மேலிருந்து பொழியும் மற்றத் துகள்களை வடிகட்டி இந்த அளவீட்டுக்கு வழிவிட்டது.

அதே தங்கவயலில் 1980இல் இன்னும் துணிச்சலான சோதனை ஒன்று தொடங்கியது. 1974இல் ஜார்ஜியும் கிளாஷோவும் கொண்டுவந்த ஒருங்கிணைப்புக் கோட்பாட்டின்படி புரோட்டானும் நிலையானதல்ல. சராசரியாக ஒன்றுக்குப் பின் 31 பூஜ்யம் போட்ட அளவு ஆண்டுகளில் அது சிதையவேண்டும். பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுதான். இதை எப்படிச் சோதிப்பது என்று மலைக்கத் தோன்றும். ஒரே புரோட்டானை அத்தனை காலம் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அத்தனை எண்ணிக்கையில் புரோட்டான்களைச் சேர்த்துவைத்து ஓராண்டு பார்த்தால் போதும். கோலாரில் 140 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே துகள் எண்ணிகளை வைத்தார்கள். கோட்பாடு சரியென்றால் ஆண்டுக்குச் சில சிதைவுகளாவது தெரியவேண்டும். சில பதிவுகள் அப்படித் தோன்றவும் செய்தன. ஆனால் அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்தில் பல ஆயிரம் டன் நீரையும், ஜப்பானின் கமியோக்காவில் 3,000 டன் நீரையும் வைத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்தக் கோட்பாட்டின் எளிய வடிவம் அதோடு முடிந்தது. இன்றுவரை எந்தப் புரோட்டானும் சிதைந்ததாக உறுதியாகவில்லை. வேறு கோட்பாடுகள் இன்னும் நீண்ட ஆயுளைச் சொல்லிக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எண்ணை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே போனால் அது ஸீலிகரின் தூசைப்போல ஆகிவிடாதா என்ற கேள்வி இயற்பியலாளர்களையே உறுத்துகிறது. உறுத்தவும் வேண்டும்.

தங்கவயல் மூடப்பட்டதால், அந்த மரபின் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலைக்கடியில் 50,000 டன் காந்த இரும்புடன் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பும் எழுந்தது. அந்த வாதத்தில் எத்தனையோ கூற்றுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. இரு தரப்புமே அவற்றைப் பிரித்துப் பேசியது குறைவு. நியூட்ரினோ மனிதருக்குக் கேடு என்பது சோதிக்கத்தக்க கூற்று. சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகமளவு இடத்தின் வழியே ஏறக்குறைய 6,500 கோடி நியூட்ரினோக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் அவை போகும். சுரங்கம் தோண்ட வைக்கும் வெடியால் அணைகளுக்கு ஆபத்து என்பதும் சோதிக்கத்தக்கதே, அந்த அச்சம் மதிக்கத்தக்கதும்கூட. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இந்த மலையைத் தொடவே கூடாது என்பது வேறு வகை. எந்த அளவுகருவியும் அதற்குத் தீர்ப்புச் சொல்லாது. அதற்காக அது மட்டமான கூற்று ஆகிவிடாது. எதைக் காப்பாற்ற விரும்புகிறோம் என்று ஊரும் அரசும் நீதிமன்றமும் கூடி முடிவுசெய்யவேண்டிய விஷயம் அது. 2022 இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன மறுப்பு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது, மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்ச்சூழலை முன்வைத்தது.

விஞ்ஞானிகள் மக்களின் எல்லா ஆட்சேபங்களையும் அறியாமை என்று ஒரே தட்டில் வைத்தால் மூன்றாவது வகையை அவமதிக்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் எல்லா அச்சங்களையும் மலையின் மேல் உள்ள பாசத்தோடு சேர்த்துக் கட்டினால் முதலிரண்டு வகைக்கும் விடை கிடைக்கவிடாமல் செய்கிறார்கள். வெடியதிர்வு குறித்த கேள்விக்கு வழி தெரிந்ததுதான்: சிறிய அளவில் ஒரு வெள்ளோட்ட வெடி, ஊரிலும் அணைக்கட்டிலும் அதிர்வுமானிகள், அவற்றைப் படிக்க இரு தரப்பும் ஏற்ற ஆட்கள், நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் அதிர்வைத் தாண்டினால் வேலை நின்றுவிடும் என்று வெடி வைப்பதற்கு முன்பே கிராம சபையில் படித்துக் காட்டிப் பதிவு செய்த ஓர் எண்.